படிக்கட்டு அக்காவின் வலது முட்டி

அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளைத் துடைக்கும் படிக்கட்டு அக்கா ஆறாம் மாடியிலிருந்து பின்னோக்கித்தான் இறங்குவாள். முகம் மேற்படியைப் பார்த்திருக்கும். வலது கால் கீழ்ப்படியைத் தேடும். அது ஊன்றிய பிறகே இடது கால் வரும். பிறகு விட்டுவந்த படியைத் துடைப்பாள். ஈரத்தில் காலடி படாமல் வேலை செய்யும் நேர்த்தி என்று குடியிருப்போர் மெச்சினார்கள். "முன்னால பாத்து இறங்கினா தொடச்சதையே மிதிக்கணும்ல?" என்று அவளும் சொல்லிவைத்திருந்தாள்.

உண்மை முட்டிக்குள் இருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் மருத்துவர். ஊசி போட்டார். இது வலியை அடக்க மட்டுமே, அடங்கியிருக்கும்போது தொடைக்குப் பயிற்சி செய்ய வேண்டும், மண்டியிடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். வலி போனதும் நோயே போனதென்று அவள் நம்பினாள். நெடுநாள் விட்டுவைத்த படிமூலைகளை எல்லாம் மண்டியிட்டுத் தேய்த்தாள். கொஞ்ச காலம் கட்டடமே பளிச்சென்றிருந்தது. பிறகு முட்டி பலாக்காயாக வீங்கியது.

காலையில் எழும்போது அது சொடக்குப் போடும். "அலாரமே வேணாம் நமக்கு" என்று முன்பெல்லாம் கணவர் கேலி செய்வார். இப்போது அவர் கேலி செய்வதில்லை. கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்னொரு ஊசி கேட்டுப் போனாள். ஊசியையே நம்பிக்கொண்டிருக்க முடியாது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார் மருத்துவர். அதன்பின் நடக்கலாம், படிகூட ஏறலாம். இந்த வேலை மட்டும் ஆகாது. "வேற வேலை பாத்துக்குங்கம்மா." வேறு எது என்று யோசித்தபடியே மறுநாளும் வாளியை எடுத்தாள்.

சென்ற வாரம் மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் தவித்ததைக் கட்டட மேலாளர் பார்த்துவிட்டார். தன்மையான மனிதர்.

"கம்பியப் புடிக்காம ஒரு தடவை எழுந்திரிங்கக்கா. போதும்."

"இருங்க தம்பி. மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

அவர் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். அவள் கை கம்பியை விடவில்லை. பிறகு இறங்கிப் போனார்.

இன்று அதே திருப்பத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, புது வாளியும் துடைப்பமுமாக ஓர் இளம்பெண் மேலேறி வந்தாள். உட்கார்ந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா? மேலேருந்து ஆரம்பிக்கச் சொன்னாங்க."

படிக்கட்டு அக்கா தன் வலது காலை, வேறு யாருடைய சாமானையோ எடுப்பதுபோல, இரண்டு கைகளாலும் தூக்கிச் சுவரோரமாக வைத்தாள்.