கழியல் வட்டத்தில் பதினேழாவது ஆள்

கழியலாட்டம் பழக்கும் அண்ணாவிக்கு ஆடுகிறவர்களால் தொந்தரவு கிடையாது. ஆடத் தெரியாதவர்களால்தான் அத்தனையும். ஊர் ஊராகப் போய் எதையாவது கற்றுக்கொடுத்து வயிறு வளர்க்கும் நண்பர்களே, உங்களுக்கும் இது பழகிய வேதனைதான்.

தலைவரின் மச்சினன்

உவரிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில் பழக்கிக்கொண்டிருந்தேன். மாதா திருவிழாவில் பரம்பரையாகக் கழியல் உண்டு. ஊர்த் தலைவருக்கோ பாண்டு வாத்தியத்தின் மேல் ஆசை. "ஒரு அடி பிசகினாலும் அடுத்த வருசம் பாண்டுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கழியலில் குத்துவிளக்கைச் சுற்றி ஜோடி ஜோடியாக நின்று, எதிராளியின் கம்போடு கம்பைத் தட்டி ஆடவேண்டும். ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போகிற இருவர்தான் அங்கே ஜோடி. ஒருவன் கையை ஒருவன் நம்பித்தான் அவர்கள் கரை திரும்புகிறார்கள். அதைத்தான் மாதாவின் முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள். எட்டு ஜோடியும் அருமையாகத் தேறிவிட்டது. அப்போது தலைவர் தன் மச்சினனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வள்ளியூரில் ஜவுளிக்கடை, கடலில் கால் நனைத்ததில்லை. பதினேழு பேரை வைத்து எப்படி ஜோடி சேர்ப்பது என்று கேட்டேன்.

"அவன் யாரையும் அடிக்காண்டாம் வே. சும்மா ஊடால சுத்தி வரட்டும்" என்றார் தலைவர்.

துரைக்கு ஆகாது

திருவிழாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையை அழைத்திருந்தார் தலைவர். அவர் வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாத்தியார் ஒத்திகை பார்க்க வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். குனிவது அநாகரிகம், குதிப்பது அதைவிட அநாகரிகம் என்றார். அப்படியானால் பதினாறு பேர் எதற்கு, பதினாறு தூண் போதுமே என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இவர் விளக்கித்தான் துரை நம் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் போகிறாராம். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்.

"கம்புல துணியச் சுத்திருங்க அண்ணாச்சி. துரைக்குச் சத்தம் ஆகாது."

என் விரல்கள்

துணி சுற்றவில்லை. ஆனால் மச்சினனைத் தவிர்க்க வழியில்லை. திருவிழா அன்று பட்டு அங்கவஸ்திரமும் கையில் கம்புமாக வந்து வட்டத்தில் நின்றுவிட்டார். அவர் யார் குறுக்கே போனாலும் ஆட்டம் குலையும். குலைந்தால் அந்த ஊரில் கழியல் அன்றோடு சரி. நடுவில் நின்று தாளம் போட்டுப் பாடவேண்டிய நான், தாளத்தை என் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கம்போடு போய் மச்சினனுக்கு ஜோடியாக நின்றேன். அவர் அடித்ததில் மூன்றில் ஒன்று கம்பில் விழுந்தது. மிச்சமெல்லாம் என் விரலில். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினேன். வட்டம் கடைசிவரை குலையவில்லை. துரை கைதட்டினார். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

தலைவர் எல்லோரையும் கூட்டிவைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "அடுத்த வருசமும் கழியல்தான். மச்சினன் என்னமா அடிச்சான். அண்ணாவி பாவம், வயசாயிட்டு, கம்பு பிடிக்கவே கை நடுங்குது. இனிமே மச்சினனே பழக்கட்டும்."

விரல் வீங்கினவன் வீட்டுக்குப் போக, வீங்கவைத்தவர் அண்ணாவியாகிவிட்டார். கழியல் மட்டும் பிழைத்துக்கொண்டது.