இருட்டு அறைக்கு ஒரு போன்சாய்

மரம் வாங்கப் போன அன்று இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. நர்சரிக்காரர். ஓஸ் பைப்பைப் பிடித்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி. வேறு யாரும் இல்லை. படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில், லாரிப் புழுதி படிந்த நர்சரி அது.

எனக்கு இரும்புத் தகடு அழுத்துகிற ப்ரெஸ் ஷாப்பில் வேலை. காண்ட்ராக்ட். எப்போதும் நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிடும். சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்வரை தூங்க வேண்டும். எங்களுக்கு ஒரே அறை. ஒரே ஜன்னல், கிழக்கே. வெளிச்சம் வராமலிருக்க அதில் கறுப்பு பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருக்கிறேன். இந்தப் பக்கம் நைட் பார்க்கிறவர்கள் பலர் வீட்டில் அப்படித்தான். சரியாகத் தூங்காமல் வந்த ஒருவனுக்கு என் பக்கத்து மெஷினில் இரண்டு விரல் போனது. அதை நான் பார்த்தேன்.

என் மனைவி வேலை செய்த கம்பெனியில் அவள் இருந்த லைனை மூடிவிட்டார்கள். வேறு கம்பெனிகளில் கேட்டோம். வயது தாண்டிவிட்டது என்றார்கள். அதிலிருந்து பகல் முழுக்க அந்த இருட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவி போடமாட்டாள். போன் பேசமாட்டாள். பாத்திரத்தைத் தொடமாட்டாள். நான் எதுவும் சொன்னதில்லை. அவளாகவே அப்படி இருந்தாள். ஒரு நாள் சொன்னாள்.

"மாமா, இப்டியே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். ஒண்ணு நான் அம்மா வூட்டுக்குப் போறேன். இல்லன்னா சத்தம் போடாததா, உயிரோட எதுனா வாங்கிக் குடு."

நர்சரியிலும் அதையே சொன்னாள். சத்தம் போடாதது. அறைக்குள்ளேயே இருக்கக்கூடியது.

நர்சரிக்காரர் மனைவி பைப்பை நிறுத்தாமலே கேட்டாள். "மீன் வாங்கிக்கயேம்மா. அதுகூடத்தான் பேசாது."

"மோட்டர் கத்துமேக்கா."

"அப்ப இந்த ஆள இட்டுனு போ. கல்யாணம் ஆனதுலேந்து வாயே தொறக்கல." புருஷனைக் காட்டினாள்.

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

நர்சரிக்காரர் கண்டுகொள்ளவில்லை. "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கம்மா. வூட்டுக்குள்ள வளர்ற மரம்னு எதுவும் கெடையாது. சிலது தாக்குப் புடிக்கும். அவ்ளோதான்."

மூன்று போன்சாய் மரங்களைக் காட்டினார். அடியில் பருத்து, மேலே ரோஸ் பூ வைத்தது அடினியம். வெயில் இல்லாவிட்டால் அழுகிவிடும் என்றார். தடித்த இலை உள்ளது ஜேட். புதிதாக வளர்க்கிறவர்களுக்கு அது நல்லது, தண்ணீரை மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, ஆனால் நல்ல வெளிச்சம் கேட்கும். மூன்றாவது ஃபைகஸ். ஆலமரத்து ஜாதி. ஒரு முழம்கூட இல்லை.

"இது நெழலக் கொஞ்சம் தாங்கும். ஆனா ரோஷக்கார மரம். எடம் மாத்துனா எலையக் கொட்டிரும். வெச்ச எடத்துல வுட்டுரணும்."

"எத்தினி வயசுண்ணா?"

"எட்டு."

"எட்டு வருசமா இந்தத் தொட்டிலயே கீதா?"

"வேரை வெட்டி வெட்டி இதுலயேதான்."

அவள் அதைக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு கீழே வைக்கவில்லை.

"வூட்ல ஜன்னல் கீதாம்மா?"

"கீதுண்ணா. கெழக்கால."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வைக்க இடமில்லை. வாசலில் தொட்டி வைத்தால் பாசி பிடிக்கும் என்பார் ஹவுஸ் ஓனர். மொட்டை மாடிக்குப் பூட்டு. எனவே அவள் ஜன்னல் கவரின் மூலையில் உள்ளங்கை அளவு வெட்டினாள். அந்த ஓட்டை வழியாகத் தரையில் ஒரு கட்டம் வெயில் விழும். அதில் மரத்தை வைத்தாள்.

வெயில் ஏற ஏறக் கட்டம் ஜன்னல் பக்கம் நகரும். ஒரு நாள் பாதித் தூக்கத்தில் கண் திறந்தேன். அவள் குத்துக்காலிட்டு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் நகர்ந்த அளவு மரமும் நகர்ந்தது. தொட்டிக்கு அடியில் என் பழைய யூனிஃபார்ம் துணி. தரையில் உரசிச் சத்தம் வரக்கூடாதே என்று. தினமும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

இலை கொட்ட ஆரம்பித்தது.

மறுபடி நர்சரிக்குத் தூக்கிப்போனோம். அவர் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை.

"உசுரு கீது. இங்க வுட்டுட்டுப் போங்க. வெயில்ல வெச்சுத் தேத்தித் தரேன்."

"அப்ப என்னையும் இங்கியே வுட்டுட்டுப் போவச் சொல்லுண்ணா" என்றாள்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மரத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

சூப்பர்வைசரிடம் பகலில் பார்க்கிற ஜெனரல் ஷிஃப்ட் கேட்டேன்.

"அதெல்லாம் பெர்மனென்ட் ஆளுங்களுக்குப்பா. நைட்டு வேணாம்னா சொல்லு. கேட்ல ஆளு நிக்குது."

வீட்டுக்கு வந்து கவரை முழுதாகக் கிழித்தேன். கண்மேல் துண்டைப் போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சில நாள் ஓடியது. ஒரு ராத்திரி மெஷின் அச்சில் தகடு வைக்கும்போது கண் சொருகிவிட்டது. கை உள்ளே. சென்சார் மெஷினை நிறுத்தியது. சூப்பர்வைசர் விடியும்வரை என்னைக் கேட் பக்கம் போய் உட்காரச் சொன்னார்.

காலையில் அவளிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன். கடைக்குப் போய்ப் புதுக் கவர் வாங்கிவந்து அவளே ஒட்டினாள். மூலைகூட விடவில்லை. பிறகு லைட்டைப் போட்டுப் பையில் துணி வைத்தாள்.

"மரம்?" என்றேன்.

"எடம் மாத்துனா கொட்டிரும். இங்கியே இருக்கட்டும். ஒரு தளிர் வுட்டாச் சொல்லு மாமா. வரேன்."

செய்யாறு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு மூலையை மட்டும் திரும்ப வெட்டினேன். அதன் கீழே மரத்தை வைத்தேன். நகர்த்துவதில்லை. மண் காய்ந்தால் தண்ணீர். தினமும் காலையில், நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும், போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள்.

"எத்தினி கீது?"

நான் இலையை எண்ணிச் சொல்லுவேன். அவள் போனை வைத்துவிடுவாள். தளிர் வந்தது என்று பொய் சொல்லலாம். வருவாள். வந்து எண்ணுவாள். பிறகு அந்த இருட்டில் உட்காருவாள்.

நேற்று ஆறு என்றேன். இன்றைக்கும் கேட்டாள். டார்ச் அடித்து இரண்டு தடவை எண்ணினேன்.

நாலு.