ஒரு அவுன்ஸ் அரிஷ்டமும் சிவந்த மாப்பிள்ளையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அவுன்ஸ் அரிஷ்டம் ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. ஊற்றிக் கொடுத்த புண்ணியவான் யார் என்கிறீர்கள்? அடியேன்தான்!

என் அக்கா மகன் முருகேசனுக்குக் கம்பம்மெட்டில் நிச்சயதார்த்தம். பையன் சின்னக்கானலில் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர். நான் அதே எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தாய்மாமன் வேறு. தாம்பூலத் தட்டு என் கையால்தான் மாற வேண்டும்.

பெல்பாட்டத்தில்தான் வருவேன் என்று அடம்பிடித்தவனை வேட்டி கட்ட வைத்து, ஜீப்பில் கொண்டு போய் இறக்கினோம். இறங்கியதுமே காதைக் கடித்தான்.

"மாமா, பயத்துல வயிறு கடமுடாங்குது..."

மருந்து கலக்கிய கை சும்மா இருக்குமா? பையிலிருந்த அரிஷ்டத்தில் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தேன். பத்தே நிமிஷம். தட்டைக் கையில் எடுக்கிறேன் – பையன் முகம், காது, கழுத்து எல்லாம் செக்கச்செவேல்! கண் சிவந்து, மூச்சு வாங்குகிறது.

பெண்ணின் அம்மா ராக்கம்மாள் கிட்டே வந்து மோந்து பார்த்தார். அவ்வளவுதான்.

"மாப்ள ஊத்திட்டு வந்துருக்காரு! தட்டக் கீழ வைங்க கம்பவுண்டரய்யா. மூத்தவள ஒரு குடிகாரனுக்குக் குடுத்துட்டு, அவ ரெண்டு புள்ளயோட வந்து நிக்கிறா. இவளயும் கெணத்துல தள்ளச் சொல்றீகளா?"

"அம்மா, அது நான் குடுத்த அரிஷ்டம்மா!"

"யாருகிட்ட? ஒவ்வொரு பிரசவத்துக்கும் பாட்டில் பாட்டிலா தசமூலாரிஷ்டம் குடிச்சவ நான். எம்மூஞ்சி செவந்துச்சா?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உங்களுக்காவது பொறுமையாகச் சொல்கிறேன். அரிஷ்டம் புளிக்க வைத்த மருந்து. கொஞ்சம் சாராயச் சத்து அதில் உண்டு. அது உள்ளே போனதும் ஈரல் இரண்டு கட்டமாக வேலை பார்க்கிறது. முதலில் அதை இன்னும் மோசமான ஒரு விஷமாக மாற்றும். அடுத்து, அந்த விஷத்தைப் புளிப்புக் காடி மாதிரி ஒன்றாக்கித் தீர்த்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் இலையை நசுக்கும் ரோலர் விறுவிறுவென்று தள்ளி, உலர்த்தும் டிரையர் மட்டும் மந்தமாக ஓடினால் என்ன ஆகும்? நடுவில் இலை குவியும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இரண்டாவது கட்டம் மந்தம். நடுவில் விஷம் குவிந்து முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும்.

இது பரம்பரைச் சொத்து. சீனா, ஜப்பான் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு, நம் பக்கம் அபூர்வம் என்பார் எங்கள் டாக்டர். முருகேசனின் அப்பாவும் ஒரு வாய் கள்ளுக்கே சிவந்து படுத்துவிடுவார். 'என் வீட்டுக்காரர் ஒழுக்கம்' என்று அக்கா பெருமையடிப்பாள். பாதி ஒழுக்கம்... பாதி ஈரல்!

இதையெல்லாம் அந்த வீட்டில் யார் கேட்டார்கள்? ஜீப்புக்குக் கிளம்பிவிட்டோம். அப்போதுதான் உள்ளேயிருந்து கல்யாணப் பெண் பாண்டியம்மாள் வெளியே வந்தாள்.

"எதுக்கும்மா சண்ட? அவருக்கு மூஞ்சி தெளியட்டும். எல்லாரும் பாக்க அதே பாட்டில்ல ஒரு அவுன்ஸ் குடுப்போம். அப்பாவுக்கும் ஒரு அவுன்ஸ் குடுங்க. தெரிஞ்சுட்டுப் போகுது!"

அடி சக்கை! இந்த யோசனை எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

காத்திருந்தோம். சிவப்பு வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை கண்களும் பையன் மேல்தான். தண்ணீர்கூட என் கையால் கொடுக்க விடவில்லை. பிறகு இரண்டு டம்ளரில் அளந்து ஊற்றினேன். பெண்ணின் அப்பா ஏலக்காய் வியாபாரி. 'எனக்கெதுக்குங்க இது' என்று சொல்லிக்கொண்டே ஒரே மடக்கில் முடித்தார்.

ஐந்து நிமிஷம். ஒன்றுமில்லை. எட்டாவது நிமிஷம் முருகேசனின் கழுத்தில் ஒரு சிவப்பு கிளம்பியது பாருங்கள்... காது, கன்னம், நெற்றி! ஜெயித்துவிட்டோம்! அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நிச்சயத்துக்கு வந்த கூட்டம் கை தட்டியது.

பெண்ணின் அப்பாவுக்கோ மூக்கு நுனிகூடச் சிவக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலயே... இன்னொரு அவுன்ஸ் ஊத்திப் பாப்பமா?" என்றார். ஊற்றினேன். "இன்னொண்ணு?" என்று டம்ளரை மறுபடி நீட்டினார். ராக்கம்மாள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க... ஒங்களுக்கு மட்டும் எப்பிடி இம்புட்டுக்கும் ஒண்ணுமே ஆகல?"

பிறவியிலேயே தாங்கும் உடம்பும் உண்டு. பழக்கித் தாங்க வைத்த உடம்பும் உண்டு. இவர் எந்த ரகம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறப்பேனா? பாவம், மனுஷர் டம்ளரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்கம்மாள் விறுவிறுவென்று வந்து தட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"முப்பது வருசமா ஏமாந்தவ சொல்றேன். இந்த மாப்ள ஒரு முடக்கு குடிச்சாலும் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். எம்மகளுக்கு இவருதான்!"

பெண்ணைப் பெற்றவர்களே, ஜாதகம் அப்புறம் பார்க்கலாம்... முதலில் ஒரு அவுன்ஸ் அரிஷ்டம்!