முள்ளெலியின் செருப்பு

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பை வந்தது. வார இறுதிதோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீடாகப் போய்வரும் வகுப்புப் பை அது. உள்ளே துணியில் தைத்த முள்ளெலி ஒன்று, முள்ளெலிக் குடும்பத்தைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று. குடும்பமாகக் காட்டுக்குப் போய் இலை பொறுக்கி, அங்கேயே இருந்து புத்தகத்தை வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குச் சனி, ஞாயிறிலும் துப்புரவு வேலை. அம்மாதான் கூட்டிப்போனார். நாங்கள் குடியிருந்த அம்மருட் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். நோர்வேக்காரர்கள் குடும்பம் குடும்பமாக உள்ளே நடந்துபோக, அம்மா எங்கள் பல்கனி கண்ணுக்குத் தெரிகிற ஒரு மரத்தடியோடு நின்றுகொண்டார். பிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீ, பெட்டியில் ரொட்டியும் சம்பலும். நான் மஞ்சள் இலைகளை வாரிக் காலை மூடிக்கொண்டு, கழுத்துவரை மூடிவிடச் சொன்னேன். மூடிக்கொண்டே வந்தவர் பாதியில் எல்லாவற்றையும் அவசரமாகத் தட்டிவிட்டு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு புத்தகத்தை விரித்து வாசித்தார். நோர்வேஜிய எழுத்தைப் பார்த்து நேராகத் தமிழில் வாசிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு தாய் முள்ளெலி, மூன்று குட்டிகள். விமானச் சத்தம் கேட்டதும் தாய் மூன்றையும் இலை மூடிய பதுங்குகுழிக்குள் இறக்கிவிடுகிறது. மூத்த குட்டி மட்டும், செருப்பை விட்டுவிட்டேன் என்று மேலே ஓடுகிறது. தாய் கூப்பிடுகிறது. குட்டி வரவில்லை.

அதோடு அம்மா புத்தகத்தை மூடிவிட்டார். இன்னும் பக்கங்கள் இருந்தன.

திங்கட்கிழமை அதை அப்படியே சொன்னேன். முள்ளெலிக்குச் செருப்பா என்று வகுப்பே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. புத்தகத்தில் விமானமே இல்லை என்றான் ஒருவன். என் அம்மா வாசித்தவர் என்றேன் நான். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த வாரமே ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் நானும் இருந்தேன். மேசைமேல் வைத்த தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர், நன்றாகப் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல்.

"புத்தகத்திலை அப்பிடி இல்லையாம், அக்கா. நீங்கள் ஏன் அப்பிடி வாசிச்சனீங்கள் எண்டு கேக்கினம்."

அம்மா முந்தானை இல்லாத ஜக்கெற்றில் முந்தானையைத் தேடினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளை. ஒரு மொழியிலையும் தெரியாது."

தொலைபேசிக் குரல் அதை ஆசிரியைக்கு நோர்வேஜியத்தில் சொன்னது. ஆசிரியை அன்பானவர். படத்தைப் பார்த்துச் சொல்வதும் நல்லதுதான், ஆனால் குழந்தைகள் பயப்படாத கதையாகச் சொன்னால் நல்லது என்றார். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு எனக்கு அவர் எந்தக் கதையும் சொல்லவில்லை, பயப்படுகிற கதையோ பயப்படாத கதையோ.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். அதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். ஆனால் எனக்கு முன் ஓர் அண்ணன் இருந்தான் என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. போன வருடம் சித்தி சொல்லித்தான் தெரியும். செருப்பையும் அவர்தான் சொன்னார். அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் ஓம் என்று தலையாட்டுவார் என்று பயம்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்த இலையுதிர்காலத்தில் அதே பை திரும்ப வந்தது. அதற்குள் எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. அதே மரத்தடியில் இருந்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பனி உருகுகிறது. முள்ளெலிகள் இலைக்குள்ளிருந்து வெளியே வருகின்றன.

"மூண்டும் வந்ததோ?"

"ஓம், அம்மா. மூண்டும்."

"வடிவாப் பாத்தனியே?"

"அப்பிடித்தான் எழுதிக்கிடக்கு."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். இன்னொருக்கா என்றார். பிளேன்ரீ ஆறிப்போகும்வரை அந்தக் கடைசிப் பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன். நான் அவ்வளவு நன்றாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன்.