குடியிருப்பவர் உடைத்த கண்ணாடி

2014 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பாரன்ஹீட்டில் நான்கு பாகை. முந்தைய நாள் பெய்த பனி முழங்கால் உயரம் கிடந்தது. தம் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்குமளவு இடத்தை மூன்று மணி நேரம் தோண்டியெடுத்த வெர்னா ஹுடாக், அதில் ஒரு மடக்கு நாற்காலியை வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனார். தோண்டிய இடம் தோண்டியவருக்கே என்பதற்கு அந்த நாற்காலியே அடையாளம். எங்கள் மோரன்ஸ்பர்க்கில் தேவாலயத்தை மதிக்காதவர் உண்டு. பனியில் நிற்கும் நாற்காலியை மதிக்காதவர் இல்லை.

அன்று அவ்வழியே காரில் வந்த எல்மர் ட்ரெக்ஸ்லர் அதை மதிக்கவில்லை. நாற்காலியைப் பனிக்குவியலில் எறிந்துவிட்டுக் காரை நிறுத்திச் சென்றார். வெளியே வந்த வெர்னா அந்நாற்காலியை எடுத்தார், மடக்கினார், காரின் முன்கண்ணாடியில் இறக்கினார். வயது எழுபத்திரண்டு; அடி ஒன்றே; பிழை திருத்த இடமில்லாத அடி. எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு வந்த காவலர் என்னைக் கேட்கவில்லை. நானும் வலியச் சென்று சொல்லவில்லை. தெருமுனையில் யாரோ சொன்னதைக் கேட்டு, தொப்பிக் கோட்டணிந்த பெண், "அவ்வீட்டில் குடியிருப்பவர்" என்று காவலர் எழுதிக்கொண்டார்.

இனி நகராட்சியின் தத்துவம். தெருவின் குற்றமெல்லாம் வாடகை வீடுகளில் விளைகிறது. ஆகவே அதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு. ஓராண்டில் மூன்று முறை காவலர் வந்தால், குற்றம் செய்தவரைக் காலி செய்ய வைக்க வேண்டும். இல்லையேல் வீட்டை வாடகைக்கு விடும் உரிமம் பறிபோகும். தம் மாடியை வாடகைக்கு விட்டிருந்த வெர்னா, இதற்கென நடந்த கட்டாய வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவர். "பொறுப்புள்ள வீட்டு உரிமையாளர்" என்ற சான்றிதழைச் சட்டமிட்டுக் குளிர்பெட்டிக்கு மேல் மாட்டியிருந்தார்.

முதல் இரு வருகைகளுக்கும் காரணம் மாடியில் குடியிருந்த லொரெட்டா ப்ரூயிட். மருத்துவமனைச் சமையலறையில் வேலை. தம் பார்சல் திருடுபோனதென்று ஒருமுறையும், திருடன் மறுபடி வந்தானென்று ஒருமுறையும் காவலரை அழைத்திருந்தார். நகராட்சிப் பட்டியலில் பறிகொடுத்தவரும் பறித்தவரும் ஒரே வரிசை.

உடைந்த கண்ணாடிக்காக வந்தது மூன்றாவது. அதையொட்டிய மார்ச் மாத விசாரணைக்கு மூவரும் என் காரில் போனோம்.

"என்னை அனுப்பிடுங்க, மிஸ் வெர்னா. லைசென்ஸாவது மிஞ்சும்," என்றார் லொரெட்டா.

"இந்தக் குளிர்ல எங்கடி போவ?"

"ஆனா அந்தக் கோட்டு உங்களோடதுதான். மாடியிலேருந்து பாத்தேன்."

"பாத்தவ போலீஸ்கிட்ட சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது? நான் போன் பண்ணா அது நாலாவது கணக்காயிடுமே!"

வெர்னா சிரித்தார்.

விசாரணை அதிகாரி கார்வின் ஸ்டால் அவசரத்திலிருந்தார்.

"சிம்பிள், மிஸஸ் ஹுடாக். மாடியில இருக்கறவங்க முப்பது நாள்ல காலி பண்ணணும்னு ஒரு லெட்டர் குடுங்க. ஃபைலை மூடிடறேன்."

"அவ என்ன செஞ்சா?"

"ரிப்போர்ட்ல தெளிவா இருக்கே. குடியிருப்பவர்."

"நானுந்தான் அங்க குடியிருக்கேன்."

"நீங்க ஓனர்."

"ஓனர்னா மரத்துலயா தூங்குவாங்க?"

பின்வரிசையிலிருந்து எல்மர் சிரித்தார். ஸ்டால் தாளைப் புரட்டிப் பார்த்தார். குடியிருப்பவர் என்னும் சொல் வாடகை தருபவரையும் குறிக்கும், பெறுபவரையும் குறிக்கும். அதை எழுதியவர் யோசிக்கவில்லை; படித்தவரும் யோசிக்கவில்லை. வாடகைதாரர் குற்றம் செய்தால் என்ன செய்வதென்று ஒன்பது பக்கம் எழுதிய நகராட்சி, வீட்டுக்காரரே செய்தால் என்ன என்பதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

லொரெட்டா எழுந்தார். "சார், நான் ஏதாவது சொல்லலாமா?"

"உக்காரு," என்றார் வெர்னா.

ஸ்டால் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுப் பேசுங்க, மிஸஸ் ஹுடாக். அவங்க செஞ்சதுன்னா ஒரு லெட்டரோட போயிடும். நீங்கன்னா லைசென்ஸ் விஷயமே இல்ல, கோர்ட்டுக்குப் போகணும். அந்தச் சர்டிபிகேட்டையும் திருப்பிக் குடுக்கணும். இப்ப கேக்கறேன், கண்ணாடியை உடைச்சது யாரு?"

"நான்தான்."