லண்டன் வெயிலும் என் வயிற்றெரிச்சலும்

நானும் என் சின்னம்மா மகனும் ஆம்பூரில் ஒரே தோல் ஷாப்பில் வேலை பார்த்தோம். பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்துத் தரம் பிரிக்கிற வேலை. அதில் நான்தான் கெட்டிக்காரன். ஆனால் லண்டனில் நடக்கும் தோல் ஏலத்தைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டபோது முதலாளி அவனை அனுப்பினார். அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டேஷனில் மாலை போட்டு அனுப்பிவிட்டுத் திரும்புகையில், அவன் ஏறப்போகிற கப்பல் கவிழ்ந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஜூன் மாசம் அவன் எழுதிய கடிதத்தைக் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறதாம், ஒன்பதரைக்கும் விளக்கில்லாமல் எழுதுகிறானாம்.

"இன்னாபா இது, ராத்திரியில வெயிலா? அங்க போயி குடிக்க ஆரம்பிச்சுட்டான்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குள் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. அன்று சாயங்காலமே சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எம்புள்ள குடிக்கிறானாம்ப்பா. நெசமா?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி, "அவரு எழுதினது சரிதான் சின்னம்மா," என்றாள். மிஷன் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். வாசல் வழியாக மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒரு பூசணிக்காயை எடுத்து, காம்புக்குக் கொஞ்சம் கீழே கரியால் ஒரு புள்ளி வைத்தாள்: லண்டன். நடுவயிற்றுக்குச் சற்று மேலே இன்னொன்று: ஆம்பூர். காம்பை வெயில் பக்கம் சாய்த்து மெல்லச் சுற்றினாள். ஆம்பூர் பாதிச் சுற்று வெளிச்சத்தில், பாதிச் சுற்று நிழலில். லண்டன் நிழலுக்குப் போகவே மனசில்லாமல் வெயிலிலேயே கிடந்தது.

"பூமி இப்படி சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. இப்ப மேல்பக்கம் சூரியனைப் பாத்து சாஞ்சிருக்கு, அங்க பகல் நீளம். ஆறு மாசம் போனா மேல்பக்கம் விலகிடும்." காம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தாள். லண்டன் வெளிச்சத்தில் தலைகாட்டியதும் மறைந்தது. "நமக்குக் கூடுறதும் கொறயிறதும் ஒன்றரை மணி நேரந்தான்."

சின்னம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப எந்தப் பாவி அப்படிச் சொன்னான்?"

நான் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனதும் மனைவி, "நாளைக்கு ஷாப்புல சொல்லிடுங்க," என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை.

அந்த வருஷம் ரம்ஜான் குளிர்காலத்தில் வந்தது. அங்கே நாலு மணிக்கே நோன்பு திறக்கிறான் என்று கடிதம் வந்தது. ஆறு மணி வரை வறண்ட தொண்டையோடு தோல் விரித்துக்கொண்டிருந்த எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. கடைசியில் எனக்கென்று நாலு வரி எழுதியிருந்தான்: 'மூடுபனியில மூணு மணிக்கே இருட்டிடுது. விளக்கில் தோலின் நிறமே தெரியலை. மட்டமான தோலை நல்லதுன்னு பிரிச்சு ஏச்சு வாங்கினேன். உனக்கு அங்க வருஷம் பூரா வெளிச்சம். கொடுத்து வச்சவன்.'

சந்தோஷப்பட்டேன். அவன் ஏச்சு வாங்கியதற்குத்தான் முதலில்.

மூன்று வருஷம் கழித்து வந்தவனிடம் அந்தக் குடிப் பேச்சை யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நீதான் சொன்னியா?"

"ஆமா. பொறாமைடா."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஷாப்பில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அப்படியும் இரண்டு மாசம் அவன் என்னோடு பேசவில்லை.