மாதா வந்து மறித்த பயணம்

போன பனிக்காலத்தில் அண்ணா இறந்தார். இரத்தப் புற்றுநோய். இருபத்தேழு வயது. சுகம் தாரும் என்று நானும் அம்மாவும் முழங்காலில் இருந்து கேட்டோம். கோவிலில் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்கள் முன்னால் நடிக்கவும் மாட்டேன். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு கேட்ட செபத்தைப் பற்றி.

நான் பதினைந்து வயதில் மொன்றியல் வந்தவள். பிரெஞ்சு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லவாலில் ஒரு கேக் பக்டரியில் பெட்டி அடைக்கப் போனேன். அப்பா இல்லை. அண்ணா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான் வீட்டில்.

அண்ணாவுக்குக் காடு என்றால் பைத்தியம். வேலையிடத்து நண்பர் மார்ட்டினோடு வருடா வருடம் வடக்கே போவார். கனோவில், அதுதான் அந்த ஒடுக்கமான சின்னத் தோணியில், ஏரி ஏரியாகச் சுற்றி, கூடாரம் அடித்துத் தங்கி வருவார். வடக்கே ஷிபூகமோ என்கிற ஊருக்கும் அங்கால் ஒரு ஏரி இருக்கிறது. அதற்கு மட்டும் போகக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அந்தப் பயணத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். கடைசிக் கிழமை அந்தக் கொப்பியை என் மடியில் வைத்தார்.

"ஐஸ் உடைஞ்ச உடன மார்ட்டினோட நீ போ."

"எனக்கு நீந்தவே தெரியாது அண்ணா."

"பழகு. இல்லாட்டி பக்டரிக்கும் வீட்டுக்கும் இடையிலயே நீ செத்துப்போவாய். போவன் எண்டு சொல்லு."

"போவன்," என்றேன்.

அடக்கம் முடிந்த பிறகு காலையில் என்னைக் கட்டிலால் எழுப்பினது அந்த ஒரு சொல்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் பூசை முடிய, கோவிலுக்குக் கொண்டுபோன பையோடேயே நீச்சல் குளத்துக்குப் போனேன். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஆழம் குறைந்த பக்கத்தில் நின்று பழகினேன். காட்டில் தங்குகிறதுக்கான அனுமதிப் பத்திரம் முழுக்கப் பிரெஞ்சு. ஃபோனை எழுத்துக்கு மேலே பிடித்து வரி வரியாக மாற்றி வாசித்தேன். இரண்டு பக்கத்துக்கு மூன்று பின்னேரம் போனது. கொப்பியில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்து, தராசில் நிறுத்துப் பார்த்து, தண்ணீர் புகாத பைகளில் கட்டினேன். ஹோலில் ஒரு மூலை நிறைந்தது. மே மாத நீண்ட வார இறுதியில் போவது என்று மார்ட்டினும் அவர் மனைவியும் நானும் நாள் குறித்தோம்.

அம்மா அந்த மூலையைப் பார்க்கவே மாட்டார். சமைக்கிறதை விட்டுவிட்டார். அண்ணாவின் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். ஒருநாள் கதவுக்கு உள்ளே இருந்தே கேட்டார்.

"ஒண்டைக் குடுத்தது காணாதோ?"

போகிற முடிவு மாறவில்லை.

மே மாதம் நம் கோவில் மாதா சிலை, அந்தச் சுரூபம், வீடு வீடாகப் போவது உங்களுக்குத் தெரியும். மாதா இருக்கிற வீட்டில் விளக்கு அணையக்கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிடக்கூடாது. பின்னேரம் செபமாலைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் கடலையும் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமி பட்டியலை வாசித்தார். நீண்ட வார இறுதி, வெள்ளி தொடக்கம் திங்கள் மட்டும், எங்கள் வீடு.

பஸ் தரிப்பில் அம்மாவைக் கேட்டேன்.

"நீங்களோ பேர் குடுத்தது?"

"ஓம்."

"நான் போற நாள் எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். மாதாவை விட்டிட்டுப் போறதெண்டால் போ பிள்ளை. நான் மறிக்கேல்லை."

மறிக்கவில்லையாம். மாதாவையும் சமைக்காத அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

மார்ட்டினுக்கு ஃபோனில் சொன்னேன். "மாதாவுக்கும் ஒரு உயிர்காப்பு அங்கி இருக்கு, கூட்டிக்கொண்டு வா," என்று பிரெஞ்சில் சொன்னார். சிரிக்க வேண்டிய இடம். நான் அழுதேன். வேறு நாள் பார்ப்போம், ஆனால் போகாமல் விடமாட்டேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

"மாதா வரமுதல் அந்தப் பையளை எடுத்து வை," என்றார் அம்மா.

"எடுக்கமாட்டன். அது அதில கிடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை சுரூபம் வந்தது. கொண்டுவந்தவர்கள் போனதும் அதன் முன்னால் போய் நின்றேன். முழங்காலில் இருக்கவில்லை.

"உங்களில எனக்குக் கோபம்," என்றேன். "நீங்களும் பிள்ளையைக் குடுத்தனீங்கள். அம்மாவோட நீங்களே கதையுங்கோ. என்னால ஏலாது. அண்ணாவுக்குக் குடுத்த சொல்லைக் காப்பாத்த ஒரு வழி விடுங்கோ."

நான் கேட்ட செபங்களில் மரியாதை குறைந்தது அதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் வீடு நிறைந்தது. புரோசார்டில் இருந்து றஞ்சன் அண்ணையும் வந்திருந்தார். வடக்கே மரம் ஏற்றுகிற லொறி ஓடுகிறவர். செபமாலை முடிய, தேத்தண்ணிக் கோப்பையோடு அந்த மூலைக்குப் போனவர், பைகளுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்தார்.

"ஆர் இந்தப் பாதையால போறது?"

"நான்தான் அண்ணை. நேற்று வெளிக்கிட்டிருக்க வேணும்."

"நேற்றோ? விசரோ உனக்கு? பனி கரைஞ்ச தண்ணி நேற்றுப் பொழுதுபட அந்த மண்ரோட்டை அப்பிடியே வெட்டிக்கொண்டு போட்டுது. எனக்கு முன்னால போன கார் குழிக்குள்ள இறங்கிட்டுது. கயிறு போட்டு இழுத்து எடுத்தம். இருட்டியிருந்தால் நானும் கண்டிருக்கமாட்டன். அவையள்..."

அம்மா பக்கத்தில் நிற்கிறதைக் கண்டுவிட்டு, மிச்சத்தைத் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

"பாத்தியளே, மாதா மறிச்சிட்டா," என்றார் ஒரு அன்ரி.

"மாதா மறிக்கேல்லை," என்றார் அம்மா. "நான்தான் மறிச்சனான்."

அடக்கத்துக்குப் பிறகு ஆட்கள் முன்னால் அம்மா வாய் திறந்தது அதுதான் முதல் தரம். சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு றஞ்சன் அண்ணையிடம் திரும்பினார்.

"ரோட்டு எப்ப திறப்பினமாம்?"

"ரெண்டு கிழமையாகும் அக்கா."

"அதுக்குள்ள ஏரியில ஐஸும் போயிடுமோ?"

கையில் இருந்த தட்டை நான் கீழே வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சுரூபத்தைக் கர்க்லாண்டில், பட்டியலில் அடுத்து இருந்த வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, பஸ் ஜன்னலைப் பார்த்தபடி அம்மா சொன்னார்.

"நானும் வாறன்."

"எங்க?"

"ஏரிக்குத்தான். நீ திரும்பி வருமட்டும் அந்த அறைக்குள்ள நான் தனிய இருக்கேலாது."

நான் கேட்டது வழியைத்தான். அம்மாவையும் மாதா திருப்பித் தருவார் என்று நினைக்கவே இல்லை.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். வழியில் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் மார்ட்டின் டிக்கியைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்தினார். அம்மா யாருக்கும் சொல்லாமல் பொரித்த கருவாட்டைக் கூடாரப் பைக்குள் சுற்றி வைத்திருந்தார். பனிக்காலம் முழுக்கத் தூங்கி எழும்பின கரடிகள் பசியோடு திரிகிற காடு அது. நான் விளங்கப்படுத்தினேன்.

"என்ர பிள்ளைக்கு விருப்பமான சாப்பாடு. கரடிக்குப் பயந்து எறியேலாது," என்றார் அம்மா.

பெற்றோல் பம்புக்குப் பக்கத்தில் நின்று நான்கு பேரும் வெறும் பாணோடு கருவாட்டைத் தின்று முடித்தோம். மார்ட்டினின் மனைவி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். பையைக் கடைக் குழாயில் மூன்று தரம் கழுவினேன்.

ஏரியில் நிழல் விழுகிற கரையோரம் மட்டும் கொஞ்சம் ஐஸ் மிச்சம் இருந்தது. அண்ணாவின் ஜக்கெட்டுக்கு மேலே உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அம்மா கனோவின் நடுவில் இருந்தார். பின்னுக்கு மார்ட்டின், முன்னுக்கு நான். மார்ட்டினின் மனைவி கரையில் கூடாரம் அடித்துக்கொண்டு நின்றார். கரை தூரமானதும் அம்மா கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"குளிருது பிள்ளை," என்றார்.

அண்ணா போன பிறகு பசி என்றோ குளிர் என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

"நிப்பாட்டாத," என்றார். "போ."

இப்போது எங்கள் வீட்டில் சமையல் நடக்கிறது. அண்ணாவின் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. நான் மறுபடியும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். இந்த முறை விடமாட்டேன். இதற்கெல்லாம் ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி சொல்லத்தான் இதை எழுதினேன். கேட்டது கிடைக்காமல் கோபத்தோடு இருக்கிறவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பார்கள். அந்தக் கோபத்தோடேயே போய் ஆண்டவருக்கும் மாதாவுக்கும் முன்னால் நில்லுங்கள். கேளுங்கள். பதில் வரும் மட்டும் கட்டின பையை அவிழ்க்காதீர்கள். அது மூலையில் கிடக்கட்டும்.